கல்லில் இல்லாத பெயர்கள்



பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலுக்கு எதிர்க்கரையில், குன்றை அண்டி அமைந்த சிற்றூர் பழையசீவரம். சென்ற திங்கள் அவ்வூரில் நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள மேஸ்திரி ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நாற்பது ஆண்டுகளாகக் கரணை பிடித்த கை அவருடையது. அவருடைய மகன் சரக்குக் கப்பல் ஒன்றில் ஃபிட்டராகப் பணிபுரிகிறான். ஒன்பது மாதம் கடலில் கழித்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தான். திண்ணையில் அமர்ந்து, தன் கைபேசியில் எடுத்துவந்த படங்களை ஒவ்வொன்றாக நமக்குக் காட்டினான்.

அவற்றுள் சில நம் கண்ணை நிறுத்தின. குன்றுகள் சூழ்ந்த ஓர் அமைதியான நீர்ப்பரப்பு. கரையோரமாகச் செங்கல்லாலும் கருங்கல்லாலும் எழுப்பிய நீண்ட கட்டடங்கள். கூரையை இழந்து வரிசையாக நிற்கும் பருத்த தூண்கள். யாவும் நேற்றுத்தான் கழுவித் துடைத்தாற்போல் இருந்தன. இது எந்த ஊர் என்று வினவினோம்.

"ஆன்டிகுவா தீவு, ஐயா. கிரிக்கெட் வீரர் விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த ஊர். அங்கே ஆங்கிலேயக் கடற்படையின் பழைய கப்பல் பட்டறையைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கப்பல் அத்தீவில் நின்றபோது ஒரு நாள் அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தேன்" என்றான்.

குன்றுகள் காத்த துறை

அவன் சொன்னவற்றையும், பின்னர் நாம் படித்து அறிந்தவற்றையும் சேர்த்துச் சுருக்கமாக உரைப்போம்.

கரீபியன் கடலில் ஆண்டுதோறும் கடும்புயல்கள் எழும். ஆன்டிகுவாவின் தென்கரையிலுள்ள 'இங்கிலீஷ் ஹார்பர்' என்னும் துறையோ, குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்புகுந்து, காற்றுக்கு ஒளிந்துகொண்ட இடம். இதைக் கண்ட ஆங்கிலேயர் 1725-இல் அங்கே பட்டறை அமைக்கத் தொடங்கினர். வெப்பக் கடல்களில் மரக்கப்பலின் அடிப்பலகையைப் புழு துளைக்கும். பாசியும் சிப்பியும் படர்ந்து வேகத்தைக் குறைக்கும். ஆதலால் பீரங்கிகளையும் சரக்கையும் இறக்கிவிட்டு, பாய்மரத்தில் கட்டிய வடத்தைக் கரையிலுள்ள பெரிய சுழலுருளைகளில் சுற்றி இழுத்து, கப்பலையே ஒருபக்கமாகச் சாய்ப்பார்கள். அடிப்புறத்தைச் சுரண்டிப் பழுது நீக்குவார்கள். பிற்காலத்தில் புழுவைத் தடுக்கச் செப்புத் தகடு அறையும் முறையும் வந்தது. இவ்வசதி இல்லாத கடற்படை, பழுதுபார்க்க அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவுக்கே திரும்பவேண்டும். பட்டறை உடையவனே அக்கடலில் ஆண்டு முழுவதும் நிலைத்து நின்றான்.

பின்னாளில் டிராபல்கர் போரில் வென்று மடிந்த நெல்சன், 1784 முதல் 1787 வரை ஓர் இளம் தளபதியாக அத்தீவுப் பகுதியில் பணியாற்றினான். அவன் பெயரால்தான் இன்று அவ்விடம் அழைக்கப்படுகிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, பதின்ம வயதுச் சிறுவனாக, 'சீஹார்ஸ்' என்னும் கப்பலில் நம் சென்னைக் கரைக்கும் திருகோணமலைக்கும் அவன் வந்துபோனது நம்மில் பலர் அறியாத செய்தி.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் பட்டறை பயனிழந்தது. 1889-இல் கடற்படை அதைக் கைவிட்டது. கூரைகள் சரிந்தன, செடிகொடிகள் மண்டின. 1951-இல் நண்பர் சங்கம் ஒன்று தோன்றி, பொருள் திரட்டிக் கட்டடங்களைச் செப்பனிட்டது. 1961-இல் பட்டறை மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி, மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு கல்லை அடுக்கியவர்கள் யாரப்பா?"

"அடிமைகள், அப்பா. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்தவர்கள். அரசருக்கே சொந்தமான அடிமைகள் என்று அவர்களில் சிலருக்குப் பெயர். 1744-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் வெடிமருந்து வெடித்து அவர்களில் எட்டுப் பேர் அங்கேயே இறந்துபோனார்களாம்."

இக்காலத்து ஆய்வாளர்கள் அந்த நாளை மறக்காமல் தம் பணிக்கே மார்ச் எட்டு என்று பெயரிட்டு, பழைய கணக்கேடுகளைப் புரட்டி, அங்கு உழைத்த அடிமைகளின் பெயர்களைத் திரட்டி வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அடிமைகள் உழைத்திராவிடில் அப்பட்டறை இல்லை என்பதை யுனெஸ்கோவும் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது.

மேஸ்திரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம் பக்கத்தில் இப்படிப் புதுப்பித்த இடம் ஏதும் உண்டா ஐயா? பார்க்கவேண்டும் போல் இருக்கிறது" என்றார்.

சதுரங்கப்பட்டினம்

நினைவுக்கு வந்தது சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை. பழையசீவரத்தைத் தொட்டு ஓடும் இதே பாலாறு, செங்கற்பட்டைக் கடந்து, கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. அம்முகத்துவாரத்திற்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது ஒல்லாந்தர் கட்டிய அக்கோட்டை. அடுத்த சனிக்கிழமை மூவருமாகப் புறப்பட்டோம். பழையசீவரத்திலிருந்து செங்கற்பட்டு வரை இரயில். பின்னர்த் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து.

பதினான்காம் நூற்றாண்டில் இராசநாராயண சம்புவராயன் பெயரால் வழங்கிய பட்டினம் இது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுமத்தார் இங்கே பண்டசாலை அமைத்துக் கோட்டையும் எழுப்பினர். அவர்கள் நாடி வந்தது துணி. இப்பகுதி நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணிக்கு அயல்நாடுகளில் பெருமதிப்பு இருந்தது.

1754-ஆம் ஆண்டு சனவரியில், கருநாடகப் போர்களால் களைத்துப்போன ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், இருவர்க்கும் பொதுவான இடமென்று இவ்வூரிலேதான் சந்தித்துச் சமாதானம் பேசினர். சென்னையிலிருந்து வான்சிட்டார்ட், பாக் ஆகியோரும், புதுவையிலிருந்து இயேசு சபைக் குருவான லவோர் முதலியோரும் வந்தனர். பேச்சு முறிந்தது. அவ்வாண்டிலேயே டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். 1781-இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். இறுதியாக 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மறு ஆண்டில் இந்தியாவிலுள்ள ஒல்லாந்தர் உடைமைகள் யாவும் ஆங்கிலேயரிடம் சேர்ந்தன.

நெடுங்காலம் இடிபாடாய்க் கிடந்த கோட்டையை, மத்திய அரசின் தொல்லியல் துறை காத்து, சரிந்த பகுதிகளைச் செப்பனிட்டுள்ளது. வாயிலைக் கடந்து உள்ளே சென்றதும் மேஸ்திரியின் நடை மாறிவிட்டது. சுவரோரமாக நின்று, கையால் தடவி, பழைய வேலை எது, புதிய வேலை எது என்று பிரித்துக் காட்டினார். "இது தட்டைக் கல், சுண்ணாம்புக் காரை. காரையைச் செக்கில் அரைத்து, புளிக்கவைத்துப் பூசியிருப்பார்கள். அதோ அந்தக் கமானைப் பாருங்கள். அடியில் மரச்சட்டம் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏற்றி, நடுக்கல்லை இறுக்கிய பிறகுதான் சட்டத்தை உருவியிருப்பான். ஒரு விரற்கடை பிசகினாலும் இறங்கிவிடும்" என்றார். நாம் அதுகாறும் கோட்டையை வரலாறாகப் பார்த்தோம். அவர் அதை ஒரு நாள் வேலையாகப் பார்த்தார்.

துறைமுகம் இல்லாத கரை

கோட்டைக்கு வெளியே வந்து மணலில் நின்றபோது, மகன் வியப்புடன் கேட்டான்: "கப்பல் இங்கே எங்கே நிற்கும்? ஒதுங்க ஒரு மூலைகூட இல்லையே?"

சரியான கேள்வி. சோழமண்டலக் கரையின் குறையே அதுதான். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலை கொந்தளிக்கும். அவ்வலையைக் கடந்து துணிப்பொதிகளைக் கொண்டு சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பும். ஐரோப்பியர் எத்தனை பெரிய கப்பலில் வந்தாலும், கடைசி அரை மைலுக்கு நம் படகோட்டிகளின் தோள்வலிமையையே நம்பியிருந்தனர். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் ஐப்பசி வந்தால், போர்க்கப்பல்கள் இக்கரையை விட்டே அகன்றுவிடும்.

1782-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் இக்கடலிலே ஒரு பெரும் போர் நடந்தது. ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் ஒன்பது போர்க்கப்பல்களுடனும், பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பன்னிரண்டு போர்க்கப்பல்களுடனும் மோதினர். வரலாற்று நூல்கள் இதனைச் சதுரங்கப்பட்டினப் போர் என்றே குறிக்கின்றன. வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. ஆனால் ஹியூஸ் தன் சிதைந்த கப்பல்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட முடிந்தது. சஃப்ரனுக்கோ அத்தகைய இடம் எதுவும் இல்லை. ஆகவேதான் அவ்வாண்டு ஆகஸ்டு முடிவில் திருகோணமலையையே அவர் பறித்துக்கொண்டார். அதன்பின் ஹியூஸ் பருவமழைக் காலத்தில் பம்பாய்ப் பட்டறைக்குப் போகவேண்டியதாயிற்று.

அந்தப் பம்பாய்ப் பட்டறையில் ஒரு நல்ல செய்தி உண்டு. 1736-இல் சூரத்திலிருந்து வந்த பார்சித் தச்சர் லவ்ஜி வாடியாவும் அவர் வழியினரும் அங்கே தலைமுறைகளாகக் கப்பல் கட்டினர். அவர் வழிவந்த ஜம்செட்ஜி பொமான்ஜி வாடியா தேக்கில் கட்டி 1817-இல் மிதக்கவிட்ட 'திருகோணமலை' என்ற போர்க்கப்பல், புதுப்பிக்கப்பட்டு இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் மிதக்கிறது. கட்டியவர் பெயரும் கப்பலோடு நிலைத்துவிட்டது. ஆனால் அது தலைமைத் தச்சரின் பெயர். அவருக்குக் கீழே இழைத்தவர், அறுத்தவர், சுமந்தவர் பெயர்கள் இல்லை.

துணியும் மனிதரும்

இளைஞன் தன் கைபேசியில் இன்னொரு படத்தைத் தேடி எடுத்தான். ஆன்டிகுவாவில் ஒரு விழா நாள். கறுப்பினப் பெண்கள் கட்டம் போட்ட வண்ணத் துணியைத் தலையில் கட்டி, அதே துணியில் பாவாடை அணிந்து நிற்கிறார்கள். "இந்தத் துணிக்கு என்ன பெயர் என்று கேட்டேன், ஐயா. 'மெட்ராஸ்' என்றார்கள்."

கரீபியன் தீவுகள் பலவற்றில் மரபுடையாக விளங்கும் அக்கட்டத் துணியின் பெயர் மெய்யாகவே 'மெட்ராஸ்' என்பதுதான். நம் கரையில் நெய்த துணி அத்தனை தூரம் போனது என்று பெருமைப்படலாம். ஆனால் வரலாறு பெருமையோடு நின்றுவிடவில்லை. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் குழுமங்கள் வாங்கிய துணியில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றது. அக்கரையின் பெயராலேயே 'கினித் துணி' என்று வழங்கிய வகை ஒன்றும் உண்டு. அங்கே துணிக்கு மாற்றாகப் பெறப்பட்டோர் மனிதர். அம்மனிதரே கரீபியன் தீவுகளின் கரும்புக் கொல்லைகளிலும் கட்டடப் பணிகளிலும் மடிந்தனர். நம் நெசவாளி அறியாமலே, அவன் தறியிலிருந்து இறங்கிய துணி, முகம் தெரியாத ஒருவனின் விலையாயிற்று.

நம்மவரும் தப்பவில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, உண்ண வழியின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றவர் ஆயிரக்கணக்கானோர். ஒல்லாந்தர் அவர்களை நாகப்பட்டினத்தில் வாங்கி, இலங்கைக்கும் இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினர். அவர்களுள் எவர் திரும்பி வந்தார்?

கோட்டைக்குள் ஒல்லாந்தர் கல்லறைகள் இருக்கின்றன. பெரிய கற்பலகைகளில் குலச்சின்னங்களும் அவர்கள் மொழியின் எழுத்துகளும் மிக நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. மூன்று நூற்றாண்டு உப்புக்காற்றிலும் பெயர்கள் அழியவில்லை. மேஸ்திரி அவற்றைக் குனிந்து பார்த்தார். "செத்தவர் பெயர் இருக்கிறது. நல்லதுதான். கோட்டையைக் கட்டியவன் பெயர் எங்கேயும் இல்லையே" என்றார்.

மேஸ்திரி சொன்னது

திரும்பும் வழியில், பேருந்தில், அவர் மெல்லச் சொன்னார். அவர் இளைஞராயிருந்தபோது வேலைசெய்த ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பற்றி. ஊரும் பெயரும் இங்கே வேண்டா. சாரம் சரிந்து ஒரு சித்தாள் விழுந்து இறந்துபோனாள். இருபது வயது மதிக்கத்தக்கவள். அவளுடைய மகள் பின்னாளில் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தாள்.

அப்பள்ளியின் வெள்ளிவிழா மலரைத் தொகுத்தவர்களுள் நாமும் ஒருவர், வாசகர்களே. பொருளுதவி செய்தோர் பட்டியலைத் தொகையோடு அச்சிட்டோம். அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், ஒப்பந்தம் எடுத்தவர் யாவருடைய படங்களும் அதில் உண்டு. அந்தச் சித்தாளின் பெயர் இல்லை. மேஸ்திரியின் பெயரும் இல்லை. விட்டுவிடவேண்டும் என்று எண்ணி விடவில்லை. எழுதவேண்டும் என்ற நினைவே நமக்கு எழவில்லை. எது பெருங்குற்றம் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்கிறோம்.

அவர் குறைகூறிச் சொல்லவில்லை. "மலர் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது ஐயா, பத்திரமாக" என்றார். அச்சொல்லே நம்மை மிகவும் வருத்தியது.

திருமுக்கூடலின் கல்

மறுநாள் காலை ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் சென்றோம். அங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே நடந்த கல்விச்சாலையையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் பற்றிய விரிவான ஏற்பாடு அதில் உள்ளது. மருத்துவர் பெயர் உண்டு. அறுவை செய்பவருக்கு இன்னது, மூலிகையும் விறகும் கொண்டுவருவோருக்கு இன்னது, நோயாளியைப் பேணும் பெண்டிருக்கு இன்னது, நாவிதனுக்கு இன்னது என்று ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் வரையறுக்கப்பட்டுள்ளது.

பாலாற்றின் முகத்துவாரத்தருகே வயலூர்த் தூணில் பல்லவ மன்னர்களின் பெயர்கள் நீண்ட வரிசையாக உள்ளன. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள இக்கல்லோ விறகு சுமந்தவரையும் நோயாளியைத் தொட்டுத் தூக்கியவளையும் கணக்கில் கொண்டது. பெயர் சொல்லவில்லை என்பது மெய். ஆயினும் அவர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார்க்கு இருந்த அந்த நேர்மை, நாம் தொகுத்த மலரில் இல்லாமற் போயிற்று.

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது நற்பணி. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு சுவரை மீட்கலாம். சுவரை எழுப்பியவரை மீட்க வேறொரு முயற்சி வேண்டும். ஆன்டிகுவாவில் அதனைத் தொடங்கிவிட்டார்கள், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு கழித்து, கிழிந்த ஏடுகளின் துணைகொண்டு. நமக்கு அத்தனை தொல்லை இல்லை. நம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டியவர் பலர் இன்னும் உயிரோடு நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.

ஆதலின் பெற்றோரே, விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைச் சதுரங்கப்பட்டினத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கோட்டையைக் காட்டுங்கள்; கடலைக் காட்டுங்கள்; துணியின் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரைக் காட்டி, இதைக் கட்டியவர் யார் என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால், தெரிந்தவரைத் தேடிப் போகச் சொல்லுங்கள்.

நாமும் போனோம். அன்று மாலையே ஒரு குறிப்பேட்டுடன் மேஸ்திரியின் திண்ணையில் அமர்ந்தோம். அவர் கண்ணை மூடி, விரல்விட்டு எண்ணிச் சொல்லச் சொல்ல, மகன் எழுதினான். கொத்தனார் நால்வர், பெரியாள் மூவர், சித்தாள் ஐவர். இருவருடைய பெயர் அவர் நினைவுக்கு வரவில்லை. இன்னார் மனைவி, இன்ன ஊர்க்காரர் என்று மட்டும் சொன்னார். அவற்றையும் அவ்வாறே எழுதிக்கொண்டோம். சாரத்திலிருந்து விழுந்தவளின் பெயரை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அப்பள்ளிக்கு விரைவில் பொன்விழா வருகிறது. அதன் மலருக்கு நாம் அனுப்பப்போகும் முதற்பக்கம் இப்போதே ஆயத்தமாகிவிட்டது. நினைவுக்கு வராத அவ்விருவர் பெயரையும் அதற்குள் கண்டுபிடித்துவிடவேண்டும்.